கரண்டும் தண்ணியும் அடக்கம்

செம்பொத்தை என்கிற ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். திருநெல்வேலியில் பஸ் ஏறி, "இதுக்கு மேல ரோடு இல்ல, எறங்குங்க" என்று டிரைவர் சொல்கிற இடத்தில் இறங்கினால் அதுதான் செம்பொத்தை. அங்கிருந்து நாலு பேர் சென்னைக்கு வேலைக்கு வந்தார்கள். அவர்கள் வாடகைக்கு வீடு தேடிய கதை இது. வீடு கிடைத்ததா என்று கேட்டால் கிடைத்தது என்றும் சொல்லலாம், கிடைக்கவில்லை என்றும் சொல்லலாம். எனக்கே இன்னும் அது பிடிபடவில்லை.

நாலு பேரில் மூத்தவர் கொம்பையா. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை சென்னைக்கு வந்து, எழும்பூர் ஸ்டேஷனிலேயே ஒரு காப்பி குடித்துவிட்டு, அடுத்த ரயிலில் ஊர் திரும்பியவர். அதனால் சென்னை விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். அடுத்தவன் பெயர் மந்திரம். எதைச் சொன்னாலும் அதில் ஒரு சந்தேகத்தைக் கண்டுபிடிப்பான். ஊரில் அவனைப் படிக்கவைத்திருக்கலாம் என்று சொல்வார்கள். சொள்ளமுத்து என்று ஒருவன். யார் எதைச் சொன்னாலும் "அதும் சரிதான்" என்பான். ஒரே விஷயத்தில் இரண்டு பேர் நேர் எதிராகப் பேசினாலும் இரண்டு பேருக்கும் சொல்வான். கடைசி ஆள் பலவேசம். கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பெண்டாட்டி தங்கபுஷ்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தான். வீடு பார்த்ததும் கூட்டிக்கொள்கிறேன் என்று மாமனாரிடம் சொல்லியிருந்தான். அவள் தினமும் போன் பண்ணி, சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்காமல், வீடு கிடைத்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

வேலை அம்பத்தூர்ப் பக்கம் பேப்பர் கப் செய்கிற ஒரு கம்பெனியில். முதல் மூன்று வாரம் நாலு பேரும் குடோனிலேயே, கப் மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டார்கள். ஒண்ணாம் தேதி புது மிஷின் வருகிறது, அது இவர்கள் படுக்கிற இடத்தில்தான் நிற்கப்போகிறது, அதற்குள் வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர் குப்புராஜ் சொல்லிவிட்டார். நல்ல மனிதர். சொன்னதோடு விடாமல், நாலு பேரையும் உட்காரவைத்துப் புத்தியும் சொன்னார்.

"மொதல்ல, கையைக் கடிக்காத வீடா பாருங்கப்பா. கரண்ட் பில்லு, தண்ணிக் காசு எல்லாம் வாடகையோட சேந்திருக்கணும். தனித்தனியா கட்ட ஆரம்பிச்சீங்கன்னா மாளாது. அப்புறம், வீட்டுக்காரங்ககிட்ட வீணா வாயைக் குடுக்காதீங்க. அவ்ளோதான்."

மறந்துவிடக் கூடாதே என்று மந்திரம் இதையெல்லாம் ஒரு பேப்பர் கப்பின் மேலேயே எழுதிக்கொண்டான். படிக்க வேண்டுமென்றால் கப்பைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். முடிந்த இடம் தெரியாமல் சில நாள் இரண்டு மூன்று தடவை படித்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தெருமுனையிலேயே முதல் யோசனை வந்தது. ஊரில் எந்த வீடும் யாரையும் கடித்துத் தான் பார்த்ததில்லை என்றான் பலவேசம். கொம்பையா அவனைப் பாவமாகப் பார்த்தார்.

"நம்மூரு வீடு மண்ணும் ஓடும்லே. இது மெட்ராசு. எழும்பூர் ஸ்டேசன்ல ஒரு மிசினு இருக்கு, மேல ஏறி நின்னா உன் எடையைச் சொல்லும். நின்னா எடை சொல்லும்போது, தொட்டா கடிக்காதுன்னு என்ன நிச்சயம்?"

"அதும் சரிதான்," என்றான் சொள்ளமுத்து.

அப்படியென்றால் யார் கையை விட்டுப் பார்ப்பது என்பது மந்திரத்தின் கேள்வி. வீடு அவசரமாகத் தேவைப்படுகிறவன் பலவேசம், அதனால் அவன் கைதான் என்று முடிவானது. எந்தக் கை என்பதில் கொஞ்ச நேரம் போனது. வலது கையைக் கடித்துவிட்டால் சாப்பிடுவது எப்படி. இடது கையை நீட்டிக்கொண்டு ஒரு நல்ல வீட்டுக்குள் போவது எப்படி. கடைசியில், கடித்தாலும் பரவாயில்லை, மரியாதைதான் முக்கியம் என்று வலது கையை முடிவு செய்தார்கள்.

வாடகைக்கு என்று போர்டு தொங்கிய முதல் வீட்டில், கேட் கம்பிக்கு நடுவே பலவேசம் கையை விட்டான். வீடு உடனே கடித்தது. உள்ளேயிருந்த நாய் குரைக்கக்கூட இல்லை.

கையைப் பிடித்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தெரு நாயா, வளர்ப்பு நாயா என்று நர்ஸ் கேட்டார். நாயெல்லாம் இல்லை, ரெண்டு மாடி வீடு என்றான் பலவேசம். நர்ஸ் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, ஊசியைக் கொஞ்சம் வேகமாகவே போட்டார். இன்னும் மூன்று தடவை வர வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது வீட்டில் இரும்புக் கேட்டின் தாழ்ப்பாள் விரலை நசுக்கியது. இது கடிதான், ஆனால் பல் இல்லாத கடி, அதனால் வாடகை கொஞ்சம் குறைவாக இருக்கலாம் என்றார் கொம்பையா. என்றாலும் வேண்டாம் என்று நகர்ந்தார்கள்.

மூன்றாவது வீட்டில் கேட் பக்கமே போகாமல், தபால் பெட்டிக்குள் கையை விட்டான். கடிக்கவில்லை. முழங்கை வரைக்கும் விட்டுப் பார்த்தான். அப்போதும் கடிக்கவில்லை. நாலு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வெளியே வந்து, என் தபால் பெட்டிக்குள் உனக்கு என்ன வேலை என்று கேட்டார்.

மந்திரம் கப்பைச் சுற்றிப் படித்தான். வாயைக் குடுக்காதீங்க என்று இருந்தது. நாலு பேரும் சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள். வீட்டுக்காரர் அதட்டிக் கேட்டார், கெஞ்சிக் கேட்டார், இந்தியில்கூடக் கேட்டுப் பார்த்தார். இவர்கள் பொத்திய கையை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், பேச்சு வராத பிள்ளைகள் போல, ஏன் அதட்டுகிறீர்கள் என்று அவரைக் கடிந்துகொண்டு, ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்.

நல்ல வீடு, கடிக்கவும் இல்லை, பழமும் தருகிறது, ஆனால் வாடகைக்குத்தானா என்று கேட்க முடியாமல் போய்விட்டதே என்று குடோன் வந்து சேரும்வரை கொம்பையா வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

அடுத்த சில நாளில் டீக்கடையில் ஒரு புரோக்கரின் நம்பர் கிடைத்தது. புரோக்கரிடம் வாயைக் கொடுக்கலாமா என்று கப்பைப் பார்த்தார்கள். வீட்டுக்காரங்க என்றுதான் இருந்தது. கொம்பையா தைரியமாகப் பேசினார். புரோக்கர் அவசரக்காரர். வில்லிவாக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது, சின்ன வீடுதான், ஆனால் கரண்ட், தண்ணி ரெண்டும் அடக்கம் என்றார்.

கொம்பையாவின் முகம் மாறிவிட்டது. செம்பொத்தையில் அடக்கம் என்ற சொல்லைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போகிற அன்றைக்கு மட்டும்தான் சொல்வார்கள். குரலைத் தாழ்த்தி, எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதினொரு மணிக்கு வந்துவிடுங்கள் என்று புரோக்கர் போனை வைத்துவிட்டார்.

விஷயத்தை மற்ற மூவரிடமும் சொன்னார். தண்ணி எப்படிச் சாகும் என்று பலவேசம் மெதுவாகக் கேட்டான். போன வருஷம் நம்ம ஊர்க் கிணற்றில் தண்ணி செத்துப்போகவில்லையா என்றான் மந்திரம். கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிற உடம்பு, என்றைக்காவது போனால் வராமல் இருக்கும்தானே என்றும் சொன்னான். ஒரே வீட்டில், ஒரே நாளில் இரண்டு சாவு. வீடு பிடிக்கிறதோ இல்லையோ, கூப்பிட்டபிறகு போகாமல் இருப்பது மனிதத்தன்மை இல்லை என்றார் கொம்பையா.

ரோஜா மாலை இரண்டு வாங்கிக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வாசலில் கோலம் போட்டிருந்தது. வீட்டுக்காரர் சந்தனம் வைத்துக்கொண்டு புரோக்கரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். துக்கத்தை வெளியே காட்டாத மனிதர் என்று பலவேசம் மந்திரத்தின் காதில் சொன்னான். கொம்பையா நேராகப் போய் ஒரு மாலையைக் கரண்ட் மீட்டர் மேல் போட்டார். இன்னொன்றைத் தண்ணி மோட்டாருக்குப் போட்டார். நாலு பேரும் தலை குனிந்து நின்றார்கள். பிறகு கொம்பையா வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "வயசாயிட்டா?" என்று கேட்டார்.

அங்கிருந்து அவர்கள் வெளியே வந்த வேகத்தில் சொள்ளமுத்துவின் துண்டு அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் குப்புராஜ் முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் குடோன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கம் என்றால் சாவு இல்லையப்பா, வாடகைக்கு உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம், கரண்டும் வாடகைக்கு உள்ளே, தண்ணியும் வாடகைக்கு உள்ளே, புரிகிறதா என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். புரிந்துவிட்டது என்றார்கள். யாரும் சாகவில்லை என்பதில் நாலு பேருக்கும் பெரிய நிம்மதி.

ஒண்ணாம் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது, கொரட்டூரில் ஒரு சின்னத் தெருவில் அந்தப் போர்டைப் பார்த்தார்கள். "வீடு வாடகைக்கு. கரண்ட், தண்ணீர் வாடகையில் அடக்கம்." ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. பச்சைக் கதவு. வீட்டுக்காரம்மா மரகதவல்லி, டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவில் தங்கையோடு இருந்தார். மாதாமாதம் மீட்டரைப் பார்த்துக் கணக்குச் சொல்லிச் சண்டை போட அலுத்துப்போய்த்தான் எல்லாவற்றையும் வாடகையோடு சேர்த்துவிட்டார். அதற்குப்பிறகு குடி வந்தவர்கள், எல்லாம் சேர்ந்ததுதானே என்று பகலெல்லாம் லைட்டை எரியவிட்டுக் குழாயைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள். சுவரில் ஆணி அடிக்காதீர்கள் என்று சொன்னால் பதினொரு ஆணி அடித்தார்கள். மனிதர்கள் மேலேயே அவருக்கு நம்பிக்கை போயிருந்த நேரம்.

இந்தத் தடவை வாயைக் குடுக்கத்தான் வேண்டும், வீணாக மட்டும் குடுக்கக் கூடாது என்று கப்பை நன்றாகப் படித்துப் பார்த்து மந்திரம் சொல்லியிருந்தான். அதனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். கம்பெனி எது, சம்பளம் ஒழுங்காக வருகிறதா, குடும்பம் உண்டா என்று கேட்டார். பலவேசத்தின் பெண்டாட்டி வரப்போகிறாள், அவர்களுக்கு அறை, மற்ற மூவரும் ஹாலில் என்று சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கதவைத் திறந்து, "வலது காலை எடுத்து வெச்சு உள்ள வாங்க," என்றார்.

நாலு பேரும் வலது காலை எடுத்து வைத்தார்கள். பிறகு அந்த ஒற்றைக் காலிலேயே குதித்துக் குதித்து ஹாலைப் பார்த்தார்கள். அறையைப் பார்த்தார்கள். சமையலறையில் இடம் கம்மி என்பதால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகக் குதித்துப் போய்க் குதித்து வந்தார்கள். ஈரமான குளியலறை வாசலில் சொள்ளமுத்து ஒரு தடவை விழுந்தான். விழுந்தும் இடது காலைத் தூக்கியேதான் வைத்திருந்தான்.

மரகதவல்லி அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, காலில் ஏதாவது அடியா என்று கேட்டார்.

"அடியெல்லாம் இல்லம்மா," என்றார் கொம்பையா மூச்சு வாங்க. "எடது காலுக்கு இன்னும் உத்தரவு வரலியே."

மரகதவல்லி அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சொல்லாத இடத்தில் காலைக்கூட வைக்காத நாலு பேர் தன் வீட்டு ஹாலில் கொக்கு மாதிரி நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது காலுக்கும் உத்தரவு கொடுத்தார். வீட்டையும் கொடுத்தார்.

வாடகையை மறுநாள் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனி வாசலில், பணத்தை ஒரு கவரில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு நாலு பேரும் உட்கார்ந்திருந்தபோது, மந்திரம் திடீரென்று எழுந்து தள்ளி நின்றான்.

"அண்ணாச்சி, அந்தக் கவர்ல என்ன இருக்கு?"

"வாடகை."

"வாடகைக்குள்ள?"

"குப்புராஜ் சார் சொன்னாருல்லா. கரண்டும் தண்ணியும்."

"கரண்டும் தண்ணியும் ஒரே எடத்துல இருந்தா என்ன ஆகும்?"

மற்ற மூவரும் எழுந்து தள்ளி நின்றார்கள். சின்ன வயதில் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டவன் பலவேசம். அவன் இன்னும் இரண்டடி தள்ளி நின்றான். இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்த எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கொம்பையா கேட்டார். இன்னும் வாடகை ஆகவில்லை, கொடுக்கிறபோதுதான் அது வாடகை, அதுவரைக்கும் வெறும் பணம் என்று மந்திரம் விளக்கினான். அதனால் கொடுக்கிற அந்த நிமிஷத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மறுநாள் மரகதவல்லி அம்மா கதவைத் திறந்தபோது, மிஷின் பக்கம் போடுகிற ரப்பர் கையுறையோடு நாலு பேர் நின்றிருந்தார்கள். கொம்பையா ஒரு காய்ந்த மூங்கில் கழியை நீட்டிப் பிடித்திருந்தார். அதன் நுனியில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய கவர் தொங்கியது. அம்மா, செருப்பு போட்டுக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கொம்பையா பணிவாகச் சொன்னார். கிராமத்தில் பெரியவர்களுக்குப் பணம் கொடுக்கிற மரியாதை இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மரகதவல்லி அம்மாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு, கழியிலிருந்து கவரை எடுத்தார். பலவேசம் கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை.

டெலிபோன் ஆபீஸில் முப்பது வருடம் வயரோடு பழகியவர், அவருக்கு ஷாக் அடிக்காது என்று வெளியே வந்ததும் கொம்பையா காரணம் சொன்னார்.

அதற்கு மறுநாள் சாவியைக் கொடுக்கும்போதுதான் மரகதவல்லி அம்மா அந்த வார்த்தையைச் சொன்னார். இந்த மாதிரி மரியாதை தெரிந்த ஆட்களைப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று என்ற நெகிழ்ச்சியில் சொன்னதுதான்.

"இனிமே இது என் வீடுன்னு நெனைக்காதீங்க. உங்க சொந்த வீடா நெனச்சுக்குங்க."

முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒரு அம்மா, ஒரு வீட்டையே கொடுத்துவிட்டார். கொம்பையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியை வேட்டி மடியில் பத்திரமாக முடிந்துகொண்டார். மூத்தவர் என்பதால் வீடு அவர் பேரிலேயே இருக்கட்டும் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

சாமானை எல்லாம் கொண்டுவந்து இறக்கியதும் சொள்ளமுத்து குழாய்ப் பக்கம் போனான். மந்திரம் அவன் கையைப் பிடித்துவிட்டான்.

"லே, நில்லு. தண்ணி எதுல அடக்கம்?"

"வாடகையில."

"இது யாரு வீடு?"

"நம்ம வீடு. அந்தம்மாதான் சொன்னாங்களே."

"சொந்த வீட்டுக்கு எவனாவது வாடகை குடுப்பானா? வாடகை இல்லன்னா, வாடகையில இருக்க தண்ணி எங்கருந்து வரும்?"

"அதும் சரிதான்," என்று சொள்ளமுத்து கையை எடுத்துக்கொண்டான்.

பலவேசம் விடவில்லை. நேற்றுத்தானே வாடகை கொடுத்தோம் என்றான். கொம்பையா பெருமூச்சு விட்டார். அதைக் கொடுத்தபோது இது அந்த அம்மாவின் வீடு. அந்த வாடகையில் இருந்த கரண்டையும் தண்ணியையும் கவரோடு அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம், அவரும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியுமா. அதிலும் ஒரு வீட்டையே சும்மா கொடுத்தவரிடம்.

அதற்குப்பிறகு யாரும் குழாயையும் சுவிட்சையும் தொடவில்லை. தெருக்கோடி அடிபம்பில் குடம் குடமாக அடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளிக்கக் கம்பெனிக்குப் போனார்கள். இருட்டினால் மெழுகுவத்தி. காற்றுக்கு, உடைந்த கப் அட்டையால் விசிறிக்கொண்டார்கள். சொந்த வீடு என்றால் கஷ்டம் இருக்கத்தான் செய்யும் என்று கொம்பையா அடிக்கடி சொன்னார்.

வியாழக்கிழமை மரகதவல்லி அம்மா பார்க்க வந்தார். ஃபேன் ஓடவில்லை. வேர்க்க விறுவிறுக்க நாலு பேரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஃபேன் போடக் கூடாதா என்று கேட்டார். "அது நமக்கு எதுக்கும்மா," என்றார் கொம்பையா. இல்லாததை இல்லை என்று சொல்லி அந்த அம்மாவின் மனசை நோகடிக்க அவருக்கு இஷ்டமில்லை. வெளியே வந்து மீட்டரைப் பார்த்தார் மரகதவல்லி அம்மா. போன வாரம் எந்த நம்பரில் நின்றதோ அதே நம்பரில் நின்றது. தங்கையிடம் போய், இந்தக் காலத்திலும் இப்படி மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

பலவேசத்துக்குத்தான் சிக்கல். வீடு கிடைத்துவிட்டது, அதுவும் சொந்த வீடு, அதனால்தான் தண்ணியும் கரண்டும் இல்லை என்று தங்கபுஷ்பத்துக்குப் போனில் விவரமாகச் சொன்னான்.

"சனிக்கிழமை ரயில் ஏறுதேன்," என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை காலையில வாரப்ப தண்ணி வருத வீடா இருக்கணும். இல்லன்னா எங்கம்மா வீட்டுக்குத் திரும்பிப் போயிருவேன். அதுக்கப்புறம் நீங்க மாளிகையே கட்டினாலும் வர மாட்டேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். பலவேசம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கொம்பையா எல்லாரையும் உட்காரவைத்தார். தண்ணியும் கரண்டும் வேண்டுமென்றால் வாடகை வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அந்த அம்மா ஆசையாகக் கொடுத்த வீட்டைப் பூட்டிப்போடுவதும் முறையில்லை.

"அப்ப நம்ம வீட்டை வாடகைக்கு விட்டுருவோம்," என்றான் மந்திரம். "வாடகைக்கு வாரவனுக்கு வாடகை உண்டு. வாடகை இருந்தா தண்ணி, கரண்டு எல்லாம் தன்னால வந்துரும். நம்ம கஷ்டம் அவனுக்கு இருக்காது. நாம வேற வீடு பாத்துக்கிடுவோம்."

இதைவிடத் தெளிவான யோசனை யாருக்கும் தோன்றவில்லை. மரகதவல்லி அம்மாவின் பழைய போர்டு கதவுக்குப் பின்னால் அப்படியே சாத்தியிருந்தது. அதை எடுத்துத் துடைத்து, கீழே கொம்பையாவின் போன் நம்பரை எழுதி, கேட்டில் தொங்கவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தேடக் கிளம்பினார்கள். பாடி போனார்கள், வில்லிவாக்கம் போனார்கள், மாலை போட்ட தெருவை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள். எங்கேயும் அமையவில்லை. ஒன்பது மணி சுமாருக்குச் சோர்ந்துபோய்த் தங்கள் தெருவுக்கே வந்தபோது, பச்சைக் கதவுக்கு முன்னால் பலவேசம் நின்றுவிட்டான். கம்பெனிக்குப் பக்கம். அடக்கமான வீடு. போர்டும் தொங்குகிறது. கரண்ட், தண்ணீர் வாடகையில் அடக்கம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது.

"அண்ணாச்சி, இதையே கேட்டுப் பாத்தா என்ன?"

கொம்பையா போர்டை மேலிருந்து கீழ்வரை படித்தார். "கேக்கலாம். ஆனா தெரிஞ்ச எடம்னு உரிமை எடுத்துக்கிடக் கூடாது. முறைப்படி போனைப் போடு."

பலவேசம் நம்பரைப் பார்த்துப் பார்த்துப் போட்டான். கொம்பையாவின் பையில் மணி அடித்தது. அவர் நாலடி தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசினார். ஆமாம், வீடு வாடகைக்குத்தான் என்றார். எத்தனை பேர் என்று கேட்டார். இப்போது வெளியே வேலையாக இருக்கிறேன், பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன், அங்கேயே நில்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டு, திரும்பி வந்து மற்றவர்களோடு நின்றார்.

"என்னடே சொன்னாரு?" என்று பலவேசத்தைக் கேட்டார்.

"பத்து நிமிசத்துல வாராராம்."

"ஆளு எப்படி?"

"கொஞ்சம் கறாரா பேசுதாரு."

"வீட்டுக்காரங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க," என்று கொம்பையா ஆறுதல் சொன்னார்.

அரை மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்காரரைக் காணவில்லை. அந்த நேரத்தில்தான் தெருமுனையில் தங்கபுஷ்பம் வந்தாள். தலையில் அரிசிப் பை, கையில் பெட்டி, இடுப்பில் ஒரு பித்தளைக் குடம். ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்த முகம். நடுத்தெருவில் நாலு பேரும் நிற்பதைப் பார்த்து, யாருக்காக நிற்கிறீர்கள் என்று கேட்டாள். வீட்டுக்காரருக்காக என்றான் பலவேசம். வீடு எது என்று கேட்டாள். காட்டினான். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள்.

கொம்பையா மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்துக் காட்டினார். "இந்தா இருக்கும்மா. ஆனா வீட்டுக்காரரு இல்லாத நேரத்துல தொறக்கலாமா? நாம என்ன களவாணிப் பயலுகளா?"

தங்கபுஷ்பம் அவர் கையிலிருந்து சாவியை எடுத்தாள். கேட்டைத் திறந்து, கதவைத் திறந்து, பெட்டியையும் பையையும் உள்ளே தள்ளிவிட்டுக் குடத்தோடு போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நாலு பேரும் கேட்டுக்கு வெளியே அசையாமல் நின்றார்கள். முதலில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பித்தளைக் குடத்தில் தண்ணி விழுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து ஹால் ஜன்னல் திறந்தது. உள்ளே ஃபேன் சுற்றுவது தெரிந்தது.

"தண்ணி வருது, கரண்டும் வருது," என்றான் மந்திரம் மெதுவாக. "வாடகை இல்லாம ரெண்டும் வராது. அப்படின்னா வீட்டை வேற யாருக்கோ விட்டுட்டாரு, அண்ணாச்சி."

கொம்பையாவுக்கு முகம் வாடிவிட்டது. நம்மை வெயிலில் காக்கவைத்துவிட்டு அடுத்தவருக்கு விடுவது பெரிய மனிதர் செய்கிற காரியமா என்று அந்த வீட்டுக்காரர் மேல் அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் இனி பேசிப் பிரயோஜனமில்லை. கேட்டில் தொங்கிய போர்டை அவரே கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். இன்னும் யாராவது வந்து ஏமாறக் கூடாதில்லையா.

வேறு தெரு பார்க்கலாம் என்று நாலு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள். பலவேசம் மட்டும் ஒரு தடவை திரும்பி, ஜன்னலில் துணி உதறிக்கொண்டிருந்தவளைப் பார்த்தான்.

"போனா போகுது அண்ணாச்சி," என்றான். "குடி வந்திருக்கது நல்ல குடும்பமாத்தான் தெரியுது."